மடியில் கிடக்கும் முதுகு

சேலம் சூரமங்கலத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹவாய் கிதார் இறங்கியது. ரயில்வேயில் பணியாற்றிய அவருடைய தந்தை, கரக்பூரில் இருந்த காலத்தில் கல்கத்தாவுக்குச் சென்று வாங்கியது. கம்பிகள் துருவேறியிருந்தன, முகப்பலகை மட்டும் ஐம்பதாண்டுத் தூசியைத் துடைத்தவுடன் பளபளத்தது. நண்பர் அதைத் திருப்பிக் கவிழ்த்தார். முதுகில், சற்றே சாய்ந்த இரண்டு வெண்ணிறப் பட்டைகள், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் அவை என்னவென்று விளங்கிற்று. அவை அவருடைய தந்தையின் தொடைகள். வேட்டியையும் வியர்வையையும் தாண்டி, பல ஆண்டுகளின் மாலைப் பொழுதுகள் மரத்தின் மெருகில் பதிந்திருந்தன.

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் முகத்தையே எழுதுகிறார்கள். யாளி முகம், தந்தப் பூவேலை, முத்துச்சிப்பி பதித்த வளையம். முதுகைப் பற்றி எழுத ஆளில்லை. ஆனால் மடியில் கிடத்தி வாசிக்கப்படும் கிதாருக்கு முதுகுதான் பிறரோடு தொடர்புள்ள பகுதி. ஸ்பானிய கிதாரை மார்போடு அணைத்து வாசிக்கிறோம். அதன் முதுகு வயிற்றை ஓரிடத்தில் மட்டுமே தொடும். மடிக் கிதாரோ தன் முழு எடையையும் முதுகின் வழியாக மனிதர்மேல் இறக்கி வைக்கிறது. வாசிப்பவர் கம்பிகளை விரலால் அழுத்துவதில்லை. ஓர் எஃகுத் துண்டை அவற்றின்மேல் வழுக்கிச் செல்ல விடுகிறார். அதனால் கம்பிகள் பலகையிலிருந்து உயர எழும்பி நிற்கும். கருவி வழுக்கினால் சுருதி வழுக்கும். ஆகவே முதுகு மிக வழவழப்பாக இருத்தலும் ஆகாது. சொரசொரப்பாக இருந்தால் துணியைக் கிழிக்கும். அழுந்தி உட்கார்ந்தால் மரத்தின் அதிர்வைத் தொடைச் சதை உறிஞ்சிவிடும். வெப்பமும் உப்பும் ஈரமும் சேர்ந்து தாக்கும் இடமும் அதுவே. யாரும் பார்க்காத அந்தப் பரப்பில்தான் செய்பவனுடைய அறிவு அதிகம் வேண்டியிருக்கிறது.

நண்பருக்கு அந்த வெள்ளையைப் போக்க வேண்டும் என்று ஆசை. இராசிபுரம் பக்கத்தில் தேக்குக் கதவுகளுக்கும் கட்டில்களுக்கும் மெருகிடும் முதியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். கிதாரை அவர் அதற்குமுன் தொட்டதில்லை. முகர்ந்து பார்த்தார். ஒரு துளி ஸ்பிரிட்டை விரல் நுனியில் தொட்டு ஓரத்தில் வைத்தார். விரல் ஒட்டியது. “அரக்குங்க இது. மேல வேற எதையாச்சும் அடிச்சுக் கெடுத்துப்போடாதீங்க” என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் படித்துச் சேர்த்தவையே இக்கட்டுரை.

ஹவாய்த் தீவுகளில் இக்கருவியின் பிறப்பைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கதை, கமேஹமேஹா பள்ளி மாணவனான ஜோசப் கெகுகு 1889ஆம் ஆண்டையொட்டி ஓர் எஃகுத் துண்டைக் கிதார்க் கம்பிகளில் வழுக்கிப் பார்த்தான் என்பது. ஆனால் ஹெலன் ராபர்ட்ஸ் 1926இல் வெளியிட்ட பண்டைய ஹவாய் இசை பற்றிய ஆய்வு நூலில் இன்னொரு பெயர் வருகிறது. கேப்ரியல் டேவியன். இந்தியாவில் பிறந்தவர், ஒரு கப்பல் தலைவனால் கடத்தப்பட்டு ஹொனலூலு வந்து சேர்ந்தவர், 1884ஐ ஒட்டி இவ்வாறு வாசித்துக் காட்டியவர் என்று இசையமைப்பாளர் சார்லஸ் கிங் நினைவுகூர்ந்ததை அவர் குறித்துவைத்திருக்கிறார். இதைக் கண்டவுடன் நம்மவர்கள் சிலர் ‘எல்லாம் இங்கிருந்து போனதுதான்’ என்று முழங்கத் தொடங்கிவிடுகிறார்கள். கம்பியின்மேல் கோல் வழுக்கும் முறை நம்மிடம் பழமையானது என்பது உண்மை. 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரம் ஒற்றைக் கம்பி வீணையை மூங்கில் துண்டால் வாசிக்கும் முறையைச் சொல்கிறது. ஆனால் கடத்தப்பட்ட ஒரு சிறுவன் எந்த ஊரில் பிறந்தான், எந்த வீணையைக் கேட்டான் என்பதற்குச் சான்று எதுவும் இல்லாதபோது அவன் தோளில் ஒரு நாகரிகத்தையே ஏற்றி வைப்பது அவனுக்கு இரண்டாம் முறையாக இழைக்கும் அநீதி என்பேன். அவன் பெயராவது ஒரு நூலில் நிற்கிறது. அவன் வாசித்த கிதாரின் முதுகை இழைத்தவனுக்கு அதுவும் இல்லை.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சியில் ஹவாய் இசை அரங்கேறியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் அந்த வழுக்கும் ஒலிக்கு ஒரு பித்து பிடித்தது. லாஸ் ஏஞ்சலீஸில் ஹெர்மான் வைசன்போர்ன் என்ற ஜெர்மானியத் தச்சர் மடியில் வைத்து வாசிப்பதற்கென்றே கிதார்களைச் செய்தார். கழுத்தும் உள்ளே பொள்ளல். வயிறும் கழுத்தும் ஒரே காற்றறை. முகம், பக்கம், முதுகு எல்லாம் ‘கோவா’ என்னும் ஹவாய் மரம். இது அகேசியா இனம். நம் வானம்பார்த்த சேலம் மண்ணில் முள்ளோடு நிற்கும் கருவேலத்தின் தூரத்து உறவு. அந்தப் பொன்பழுப்பு மரத்தின்மேல் அவர் இட்டது பிரெஞ்சு பாலிஷ். அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு.

அந்த அரக்கு எங்கிருந்து போயிற்று? பெரும்பகுதி இந்தியாவிலிருந்து. புரசு, பூவம், இலந்தை ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சிறு பூச்சி தன்னைச் சுற்றிச் சுரக்கும் பிசின் அது. சோட்டாநாகபுரிக் காடுகளில் பழங்குடி மக்கள் கிளைகளிலிருந்து அதைச் சுரண்டி எடுக்க, அது கழுவப்பட்டு, உருக்கப்பட்டு, தகடாக இழுக்கப்பட்டு, அவல்போல் நொறுக்கப்பட்டுக் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் அரக்கு ஆய்வு நிலையம் 1924இல் தொடங்கப்பட்டதே அதன் வணிக மதிப்பைச் சொல்லும். (தாய்லாந்தில் இப்பூச்சியைத் தூங்குமூஞ்சி மரத்தில் வளர்க்கிறார்கள். நம் ஊர்ச் சாலையோரங்களில் நிழல் தரும் அதே மரம். ஹவாயில் அதைக் கடைந்து கிண்ணங்கள் செய்கிறார்கள். மரங்கள் நம்மைவிட அதிகம் பயணம் செய்தவை.)

இன்னொரு வட்டமும் உண்டு. 78 சுழற்சி இசைத்தட்டுகளின் பிசினும் இந்த அரக்கே. கல்கத்தா சியால்டாவில் 1908இல் இசைத்தட்டுத் தொழிற்சாலை வந்துவிட்டது. ஆக, ஹவாய் கிதாரின் நாதம் இந்தியர் காதில் விழுந்தது அரக்குத் தட்டின் வழியாக. அந்த நாதத்தை எழுப்பிய கருவியின் முதுகிலும் அரக்கு. காட்டில் கிளை சுரண்டிய பெண் எந்த இசையையும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

1940களில் தௌ மோ என்ற இசைக்கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கினார். அவரிடமிருந்து கார்னி நிஸ் போன்றோர் கற்றனர். வங்காளத்தில் ரவீந்திர சங்கீதத்துக்கும் அது இசைந்துபோயிற்று. வான் ஷிப்லேயும் சுனில் கங்கூலியும் திரைப்பாடல்களை மின்கிதாரில் வாசித்த தட்டுகள் நாடெங்கும் விற்றன. பிரிஜ் பூஷண் கப்ரா ராகங்களை இக்கருவியில் முழுமையாக வாசித்து, 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் இடம்பெற்றார். விஸ்வமோகன் பட்டுக்கு 1994இல் கிராமி விருது கிடைத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கல்கத்தா ரவீந்திர சரணிக் கடைகளின் பின்கட்டுகளில் இவற்றுக்கு மெருகிட்டவர்கள் யார் என்று திரும்பிப் பார்த்தவர் இலர். நண்பருடைய தந்தையின் கிதாரின் உள்ளே கடைச்சீட்டு ஒட்டியிருந்த தழும்பு மட்டும் இருக்கிறது.

தமிழகத்தில் ஹவாய் கிதார் மெல்லிசைக் குழுக்களோடும் தேவாலயங்களோடும் நின்றுவிட்டது என்றே சொல்லலாம். காரணம், அதன் இடத்தை இங்கே வேறொன்று நிரப்பியிருந்தது. கோட்டுவாத்தியம். திருவிடைமருதூர் சகாராம ராவ் அதை மேடைக்குக் கொண்டுவந்தார். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் கற்றவர். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கலாக்ஷேத்திரத்தில் கற்பித்தார். நாராயண ஐயங்கார் அனுசுரத் தந்திகளைச் சேர்த்து நாதத்தைப் பெருக்கினார். அவருடைய பேரர் ரவிகிரண் ‘சித்திரவீணை’ என்ற பெயரை நிலைநிறுத்தினார். மெட்டுகள் இல்லாத இந்த வீணையில் இடக்கையில் பிடித்த கோடு, கருங்காலியோ பிறிதொன்றோ, தந்தியின்மேல் ஓடுகிறது. வாசிக்கும் முறையில் இரண்டும் பங்காளிகள். முதுகில்தான் வேறுபாடு. சித்திரவீணை மடியில் கிடப்பதில்லை; தரையில் அமர்கிறது. ஒரு பக்கம் மரக்குடம், மறுபக்கம் சுரைக்குடுக்கை. மனிதச் சதை அதன் அதிர்வைத் தின்பதில்லை. அதனால் அதன் முதுகு உருண்டு திரண்டு இருக்க முடிகிறது.

தஞ்சாவூர் வீணைக் குடத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பலா மரத்தைக் குடைந்து, உள்ளே பொள்ளலாக்கி, வெளியே பூசணிப் பழம்போல் வரிகள் எழச் செதுக்குகிறார்கள். ஒரே மரத்துண்டில் தலை முதல் குடம் வரை அமைந்தால் அது ஏகாண்ட வீணை. மரம் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்துப் பலா. முன்பு தந்தம் பதித்த இடங்களில், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் வந்த பிறகு பிளாஸ்டிக் தகடு வந்தது. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பலாவின் வைரம் மஞ்சள் நிறம். பௌத்தத் துறவியரின் ஆடைக்குச் சாயம் தந்த மரம் அது. மெருகு அந்த மஞ்சளை மறைக்காமல் ஆழப்படுத்த வேண்டும். கச்சேரியில் ரசிகர்களுக்குத் தெரிவது குடத்தின் ஒரு கீற்றுதான். இருந்தும் தரையைப் பார்த்திருக்கும் வரிகளையும் மேலே உள்ள வரிகளைப் போலவே இழைத்து மெருகிடுகிறார்கள்.

கருவியின் அடிவயிற்றை உற்றுப் பார்த்த புலவர் ஒருவர் நம் மொழியில் இருந்தார். பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக் கண்ணியார். கரிகாலனிடம் ஆற்றுப்படுத்தும் முன் அவர் யாழை உறுப்புறுப்பாக வருணிக்கிறார். மானின் குளம்புத் தடம்போல் நடுவே உயர்ந்து இருபுறம் தாழ்ந்த பத்தல். விளக்குச் சுடரின் நிறத்துத் தோல். அத்தோலை இழுத்துத் தைத்த தையல், இளஞ்சூல் கொண்ட சிவந்த பெண்ணின் வயிற்றில் மெல்லிய மயிர் ஒழுங்கு ஓடுவதுபோல். துளைகளை அடைத்த ஆணிகள், வளையில் வாழும் நண்டின் கண்கள்போல். அத்தையல் யாழின் வயிற்றுப்புறத்தில் ஓடியது என்றே நான் வாசிக்கிறேன். எப்படியாயினும், மறைத்தால் போதும் என்று கருதப்படும் ஒரு மூட்டுவாயைப் பார்த்து, அதற்குத் தாய்மையின் உவமையைச் சூட்டியவர் உலகில் வேறு யாரும் இருப்பார்களா என்று தெரியவில்லை. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் இத்தகைய அடிகளைக் கொண்டுதான் மறைந்த கருவியை மீட்டெடுக்க முயன்றார்.

எங்கள் பக்கத்துக்கும் அந்த மரபில் பங்கு உண்டு. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை, வல்வில் ஓரியின் மலை. வன்பரணர் புறநானூற்றில் அவனைக் காட்டில் வேடனாகக் கண்டு, யாரென்று தெரியாமலேயே, விறலியரை நோக்கி முழவுக்கு மண் பூசுங்கள், யாழில் பண் நிறுத்துங்கள் என்று சொல்கிறார். பாடத் தொடங்குமுன் கருவியை அணியமாக்குதல் பாட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கொல்லிமலைப் பலா இன்றும் பெயர்பெற்றது. ஆனால் பழத்துக்காக.

சமவெளிக்கு இறங்குவோம். பிரெஞ்சு பாலிஷ் சேலத்தில் வெறும் தச்சுப்பட்டறைப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். நாமக்கல் அப்போது அதன் பகுதி. தனி மாவட்டமானது 1997இல்தான். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. போர்க்காலத்தில் மதுவிலக்கு தளர்ந்து, 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. கள்ளும் சாராயமும் மறைந்த இடத்தில் குடிப்பதற்கு எஞ்சியவற்றுள் மரத்துக்குப் பூசும் மெருகும் ஒன்று. ‘வார்னிஷ் அடித்தல்’ என்பதற்குத் தமிழ்நாட்டில் இரண்டாவது பொருள் வந்தது அப்படித்தான். கண்ணையும் உயிரையும் வாங்கிய பானம் அது. அரசு 1959இல் விதிகளே வகுத்தது: இயல்பு மாற்றிய சாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் என்னும் பிரெஞ்சு பாலிஷ் ஆகியவற்றுக்கான விதிகள். தலைப்பிலேயே தச்சரின் பொருள் இருக்கிறது.

இராசிபுரத்து முதியவர் இதை வேறு பக்கத்திலிருந்து நினைவில் வைத்திருந்தார். ஸ்பிரிட் வாங்கக் காகிதம் வேண்டும். மிச்சத்துக்குக் கணக்கு வேண்டும். பாலிஷ் வேலைக்காரன் என்றாலே ஊரில் ஒரு மாதிரியான பார்வை. “குடிக்கிறவன் குடிச்சான். பேரு எங்களுக்குங்க” என்றார். அவருடைய மூத்த தொழிலாளர்கள் சிலர் அந்தப் பார்வைக்கு அஞ்சியே பெயின்ட் வேலைக்கு மாறியிருக்கிறார்கள். ஒரு கைத்தொழில் நலிவதற்கு எந்திரத்தையும் சந்தையையும் மட்டும் காரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு பெயர் கெட்டுப்போவதும் காரணமாகலாம்.

எந்திரத்தின் பங்கையும் மறுப்பதற்கில்லை. 1920களில் அமெரிக்காவில் மோட்டார் வண்டிகளுக்கென வந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, துப்பாக்கிபோன்ற குழலால் அடித்தால் சில மணி நேரத்தில் காய்ந்தது. கிதார் தொழிற்சாலைகள் அதைப் பற்றிக்கொண்டன. திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் ‘ஸ்ப்ரே’ அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். கார் பூச்சு கிதாருக்கு வந்தது என்பதை நம் ஊரில் யாரும் வியப்பாகக் கருதமாட்டார்கள். 1932இல் ரிக்கன்பேக்கரின் வார்ப்பு அலுமினிய மடிக்கிதார் விற்பனைக்கு வந்தது. மின்காந்தம் கம்பியின் அதிர்வை நேரே பிடித்துக்கொள்ள, முதுகுக்கு ஒலியில் இருந்த வேலை போயிற்று. குளிர்காலத்தில் தொடையைச் சில்லிட வைக்கும் ஓர் உலோகத் தட்டாக அது எஞ்சியது. இன்று கையால் மடிக்கிதார் செய்வோர் சிலர் முதுகில் மெல்லிய தோலோ கம்பளித் துணியோ ஒட்டிவிடுகிறார்கள். வழுக்காது, நடைமுறைக்கு உகந்ததே. ஆனால் அங்கே எந்தத் தொடையும் பதியாது.

மரத்தின் கதையும் மாறியது. பிரேசில் தன் ரோஸ்வுட் கட்டைகளை ஏற்றுமதி செய்ய மறுத்தபின், 1969இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் கிதார் முதுகுக்கு இந்தியத் தோதகத்திக்கு மாறியது. அதுமுதல் உலகின் நல்ல கிதார்கள் பலவற்றின் முதுகில் இருப்பது தென்னிந்தியக் காடு. தமிழ்நாடு 1994இல் தோதகத்திக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. 2017இல் அந்த மரப்பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

கிதாருக்கு வருகிறேன். முதியவர் வெள்ளைப் பட்டைகளை உடனே தொடவில்லை. அரக்கின் தன்மையை எங்களுக்கு விளக்கினார். ஈரம் பட்டால் வெளுக்கும், சூட்டில் இளகும், வியர்வையில் அரிக்கும். ஆனால் பழைய அரக்கின்மேல் புதிய அரக்கை வைத்தால் பழையது கரைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். சுரண்டி எறிய வேண்டியதில்லை. இப்போது அடிக்கும் பி.யு. பூச்சில் அந்த வசதி கிடையாது; பட்டுப்போனால் மொத்தமாகத் தேய்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். பஞ்சை மெல்லிய பழைய வேட்டித் துணியில் பொதிந்து ஒரு சிறு பொட்டலமாக்கினார். அதில் அரக்குக் கரைசலை ஊட்டி, ஒட்டாமலிருக்க ஒரு துளி எண்ணெய் தொட்டு, எட்டு எழுதுவதுபோல் வளைத்து வளைத்துத் தடவினார். எங்கும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஒட்டும், ஒட்டினால் பிய்யும். ஒரு நாளைக்குச் சில தடவல்கள், பிறகு காயவிடுதல். சித்திரை வெயிலில் நண்பகலில் வேலையே இல்லை, விடிகாலையில் மட்டும். பதினோரு நாள் ஆயிற்று.

எட்டாம் நாள் நாங்கள் போனபோது ஒரு பட்டை முற்றிலும் மறைந்து, மரத்தின் வரிகள் நீருக்கடியில் தெரிவதுபோல் தெரிந்தன. மற்றதில் இன்னும் கை வைக்கவில்லை. நண்பர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அது அப்படியே இருக்கட்டும், வெறுமனே ஒரு பூச்சு போதும் என்றார். முதியவருக்கு இது பிடிக்கவில்லை. வேலையைப் பாதியில் விட்டதாக ஊரில் பேசுவார்கள் என்றார். யாருங்க முதுகைத் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று நண்பர் கேட்டதற்கு, “நான் பார்ப்பனுங்களே” என்றார்.

கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இரண்டாம் பட்டையின்மேல் மிக மெல்லிய அரக்கு ஏறியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் அதன் விளிம்பு தெரிகிறது. கம்பிகள் சென்னையிலிருந்து வரவேண்டியிருந்ததால் வாசிப்பதற்கு மேலும் ஒரு மாதம் ஆயிற்று.